பொதுவழியும் வானூர்தியும்

விண்ணிற் பறக்க வேண்டும் என்னும் வேட்கை மக்கள் உள்ளத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. பறவையைக் கண்டு மனிதன் கொண்ட அவ்வேட்கை, 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாளன்று ரைட் உடன்பிறந்தாரால் நிறைவேறிற்று. அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில், கிட்டி ஹாக் என்னும் ஊரையடுத்த மணல்வெளியில், அவர்தம் ஊர்தி முதன்முதலாக மேலெழுந்து 12 நொடிகள் பறந்தது. அது கடந்த தொலைவு 120 அடியே. மேலெழுதல் பறத்தலின் தொடக்கம். தரையில் நலமாக இறங்குதலே அதன் நிறைவு. எழுந்த ஊர்தி எதுவாயினும் இறங்கியே ஆதல் வேண்டும். எங்கே இறங்குவது, எவ்வாறு இறங்குவது என்னும் வினாக்கள் அன்றே எழுந்தன; இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அமெரிக்க நாட்டில் இருவரோ நால்வரோ அமர்ந்து செல்லத்தக்க சிறு வானூர்திகள் மிகப்பல. வணிகரும் மருத்துவரும் பயிற்சி பெறும் இளைஞரும் அவற்றைச் செலுத்துகின்றனர். அவற்றுள் ஒன்று, பறக்கும்போதே எந்திரம் ஓய்ந்து, அருகிலிருந்த நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டது என்னும் செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வெளிவருகின்றது. கார்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே வானூர்தி நிற்கும் படத்தைக் கண்டு படிப்போர் வியக்கின்றனர். விமானியின் மனத்திட்பத்தைப் போற்றுகின்றனர். அப்போற்றுதல் முற்றும் தவறன்று. எந்திரம் ஓய்ந்த வேளையிலும் உள்ளம் ஓயாதவர் போற்றத்தக்கவரே. ஆயினும், பொதுவழி வானூர்திக்கு ஏற்ற இறங்குதுறை ஆகுமா, அவ்வழியே செல்லும் மக்களின் நிலை யாது என்னும் வினாக்களை அவ்வியப்பு மறைத்துவிடுகின்றது. வியப்புத் தணிந்த பின்னர் அவற்றை ஆராய்ந்து பார்ப்பதே அறிவுடைமையாகும்.

எந்திரம் நின்றவுடன் வானூர்தி கல்லைப்போல் வீழ்ந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சிறகு விரித்த பருந்து, சிறகடிக்காமலே மெல்லச் சரிந்து இறங்குவதைப் பலரும் கண்டிருப்பர். வானூர்தியும் அவ்வாறே சரிந்து இறங்கும். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 என்னும் சிறு வானூர்தி, எந்திரம் நின்றபின் ஓர் அடி உயரம் இழப்பதற்குள் ஏறத்தாழ 9 அடி தொலைவு முன்னேறும். ஆயிரம் அடி உயரத்தில் எந்திரம் ஓய்ந்தால் அது எட்டக்கூடிய தொலைவு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர், கிடைக்கும் காலமோ ஒன்றரை நிமிடமே. அதற்குள் விமானி எந்திரத்தை மீண்டும் இயக்க முயலவேண்டும், காற்றின் திசையை அறியவேண்டும், இறங்குமிடத்தைத் தெரிந்தெடுக்கவேண்டும், வானொலி வாயிலாக இடர்ச்செய்தி அனுப்பவேண்டும். இத்தனை சிறிய காலத்தில், கீழே நீண்டு கிடக்கும் கருநிறச் சாலை அவர் கண்ணுக்கு ஓடுபாதையாகவே தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால், உயரத்திலிருந்து காணும் சாலை வேறு. அருகிற் சென்று காணும் சாலை வேறு. முதற்கண் அகலத்தை நோக்குதல் வேண்டும். அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கும் பெருவழிகளில் வண்டி செல்லும் தடம் ஒவ்வொன்றும் 12 அடி அகலமுடையது. ஒரு திசைக்கு இரண்டு தடம் எனக் கொண்டால் 24 அடி ஆகும். வலப்புற ஓரம் 10 அடியும் இடப்புற ஓரம் 4 அடியும் சேர்ந்தால் 38 அடி. செஸ்னா 172இன் இறக்கைகள் ஒரு முனை முதல் மறுமுனை வரை 36 அடி நீளமுடையன. சாலையின் நடுவே நூல்பிடித்தாற்போல் இறங்கினாலும், இருபுறமும் ஓரோர் அடியே எஞ்சும். அந்த ஓரடிக்கு அப்பால் வேலித் தகடுகளும் வழிகாட்டும் பலகைகளும் விளக்குக் கம்பங்களும் நிற்கின்றன. பக்கக் காற்று ஒருமுறை வீசினும் இறக்கை அவற்றில் தட்டிவிடும்.

இனி, சாலையின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளை எண்ணிப் பார்க்கலாம். கம்பியின் கனம் மிகச் சிறிது; உயரத்திலிருந்து நோக்குவார்க்கு அது புலப்படாது. கண்ணுக்குத் தெரியும் அண்மையில் வரும்போது விலகிச் செல்லக் காலமிராது. இது கருதியே, கம்பியைத் தேடாமல் கம்பங்களைத் தேடுக என்று பயிற்சியில் அறிவுறுத்துகின்றனர். மேம்பாலங்களும் வளைவுகளும் வேறு இடையூறுகள். 50 அடி உயரமுள்ள தடையொன்றைக் கடந்து வந்து இறங்கி நிற்பதற்கு, இச்சிறு வானூர்திக்கு ஏறத்தாழ 1,300 அடி நீளம் தேவை. அத்துணை நீளத்திற்குத் தடையேதும் இல்லாத நேர்ச்சாலை, ஊர்களை அடுத்த பகுதிகளில் எளிதில் வாய்ப்பதன்று. மேலும், வானூர்திகள் எதிர்காற்றை நோக்கி இறங்குவதே முறை. அப்பொழுதுதான் தரையை அணுகும் வேகம் குறையும். ஓடுபாதைகளைக் காற்றின் போக்கறிந்து அமைக்கின்றனர். சாலையோ ஊர்களை நோக்கிச் செல்லுமேயன்றிக் காற்றை நோக்கிச் செல்லாது.

இவை யாவும் ஊர்தியில் உள்ளோர்க்கு நேரும் இடர்கள். சாலையில் உள்ளோர்க்கு நேரும் இடர் இவற்றினும் பெரிது. ஓட்டுநர் முன்னே நோக்குவர். கண்ணாடியின் வழியே பின்னே நோக்குவர். மேலே நோக்குவார் எவருமிலர். எந்திரம் ஓய்ந்த வானூர்தி பேரொலி எழுப்பாது வரும். நெருங்கி வருங்கால் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 115 கிலோமீட்டர். முன்னே செல்லும் வண்டிகள் விரைந்தே செல்லின் இடைவெளி நிலைக்கும்; அவற்றுள் ஒன்று வேகத்தைக் குறைத்தாலோ, நெரிசலால் நின்றாலோ, விமானிக்கு விலகிச் செல்ல வழியில்லை. முழுச் சுமையோடு ஏறத்தாழ 1,100 கிலோகிராம் எடையுள்ள அவ்வூர்தி ஒரு காரின் மேல் மோதினால் விளைவு யாதாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. வேகம் இருமடங்காயின் மோதும் ஆற்றல் நான்மடங்காகும் என்பது இயற்பியல் பயிலும் மாணவர் அறிந்ததே. அன்றியும், இறக்கைகளினுள்ளே ஏறத்தாழ 200 லிட்டர் எரிபொருள் கொள்ளும் கலங்கள் உள்ளன. கம்பத்தில் மோதி இறக்கை கிழிபடுமாயின், மோதலோடு தீயும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று என்பதற்குக் கலிபோர்னியாவில் நடந்த நிகழ்ச்சியே சான்றாகும். 2000ஆம் ஆண்டில் சிறு வானூர்தி ஒன்று, சான் டியேகோ மாவட்டத்திலுள்ள 15ஆம் எண் பெருவழியில் நலமாக இறங்கிற்று. அதே வானூர்தி 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் மீண்டும் இடர்ப்பட்டு, அதே பெருவழியில் இறங்கிற்று. இம்முறை, சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த கார் ஒன்றன்மேல் மோதிற்று. காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் உயிர் துறந்தார், ஐவர் காயமுற்றனர். அந்தக் கார் விரைந்து செல்லவில்லை. விதி எதனையும் மீறி எவர்க்கும் எதிரே வரவுமில்லை. பிறர்க்கு இடையூறின்றி ஒதுங்கி நின்றது. ஒதுங்கி நின்றவர்க்கே கேடு நேர்ந்தது. ஊர்தியும் ஒன்றே, பெருவழியும் ஒன்றே, முடிவுகள் மட்டும் வேறாயின. முதல்முறை எவர்க்கும் தீங்கு நேராமைக்குச் செலுத்தியவர் திறமை ஒரு காரணமாகலாம். அந்நேரத்தில் அவ்விடத்தில் எவரும் இல்லாமையும் ஒரு காரணமாகும். இரண்டாவது காரணம் எவர் கையிலும் இல்லை. ஒருமுறை தப்பியதைக் கொண்டு மறுமுறையும் தப்பலாம் எனக் கருதுதல், ஆழமறியாமல் ஆற்றில் இறங்குவதை ஒக்கும்.

வேறு சில நிகழ்ச்சிகளும் கருதத்தக்கன. 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் பயணிகள் விமானம் ஒன்று ஆலங்கட்டி மழையிற் சிக்கி இரண்டு எந்திரங்களையும் இழந்தது. நியூ ஹோப் என்னும் ஊரின் சாலையில் அதனை இறக்க விமானிகள் முயன்றனர். கம்பங்களும் மரங்களும் கடைகளும் நிறைந்த அச்சாலையில் விமானம் சிதறிற்று. மாண்டவர் 72 பேர், அவருள் 9 பேர் விமானத்தில் ஏறாதவர், தரையில் இருந்தவர். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், புளோரிடா மாநிலத்து நேப்பிள்ஸ் நகரையடுத்து, இரண்டு எந்திரங்களும் ஓய்ந்த சிறு ஜெட் விமானம் ஒன்று 75ஆம் எண் பெருவழியில் இறங்கித் தீப்பற்றிற்று. விமானிகள் இருவரும் இறந்தனர்; உடன் சென்ற மூவர் தப்பினர். தென் கரோலினாவின் ஹில்ட்டன் ஹெட் தீவில் 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், முகப்பில் சுழலும் விசிறி கழன்றுவிட்ட வானூர்தி ஒன்று கடற்கரையில் இறங்கிற்று. காதுகளில் இசைக்கருவி பொருத்தி அங்கு ஓடிக்கொண்டிருந்த ஒருவர் அதன் வரவை அறியாமலே உயிரிழந்தார். கடற்கரையும் சாலையைப் போன்ற பொதுவிடமே. அமைதியாக வரும் ஊர்தியின் தீங்கு அங்கும் அத்தகையதே.

அமெரிக்க மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் நம்பிக்கை ஒன்றும் இங்கே கூறத்தக்கது. 1956ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஐசனாவர் கையொப்பமிட்ட பெருவழிச் சட்டம், ஐந்து மைலுக்கு ஒரு மைல் விமானம் இறங்கத்தக்க நேர்ச்சாலையாக இருத்தல் வேண்டும் என்று விதித்ததாகப் பலர் கூறுகின்றனர். அத்தகைய விதி அச்சட்டத்தில் இல்லை. வேறெந்தச் சட்டத்திலும் இல்லை. அந்நாட்டின் நெடுஞ்சாலைத் துறையினரே இதனை மறுத்துள்ளனர். இரண்டாம் உலகப் போரின் காலத்தில், 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவசர இறங்குதளங்கள் சில அமைக்கப்பெற்றது உண்மை. ஆயினும் அவை நெடுஞ்சாலையின்மேல் அமைக்கப்பெறவில்லை; நெடுஞ்சாலையை அடுத்து, அதனின் வேறாக அமைக்கப்பெற்றன. போரின் நெருக்கடியிலும் வண்டியும் விமானமும் ஒரே தடத்தில் கலத்தலாகாது என்று அக்காலத்தார் கருதிய நுட்பம் இதனால் விளங்கும். பொய்யான நம்பிக்கை தீங்கற்றதுபோல் தோன்றும். ஆயின் சாலை தனக்கெனவும் அமைந்தது என்று ஒரு விமானி நம்பத் தொடங்கின், இடர் நேர்ந்தவுடன் அவர் கை தானே சாலைப்பக்கம் திரும்பிவிடும்.

மாறுபட்ட கருத்துடையார் கூறுவதையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். “விமானியின் உயிரும் உயிரன்றோ? காடும் மலையும் சூழ்ந்த நாட்டில் சாலையன்றி வேறு சமநிலம் எங்கே உளது? உழுத வயலில் சக்கரம் புதைந்து ஊர்தி குப்புறக் கவிழுமே” என்பர் அவர். இவ்வுரையில் உண்மை உண்டு. சாலையில் இறங்கி ஒருவர்க்கும் தீங்கு நேராத நிகழ்ச்சிகளும் பல. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவில், மினசோட்டா மாநிலத்துப் பெருவழியில் இறங்கிய சிறு வானூர்தி ஒரு காரின்மேல் மோதியும் ஒருவரும் காயமுறவில்லை. விடியற்காலத்தில் ஆளரவமற்ற நாட்டுப்புறச் சாலை, பாறை நிறைந்த சரிவினும் நல்லதாகலாம். ஆதலின், சாலையில் இறங்குதல் எஞ்ஞான்றும் குற்றம் என்று முடிவு கூறுதல் நேரிதன்று. இறுதிப் புகலிடம் என்பது வேறு. முதற் புகலிடம் என்பது வேறு. இவ்வேறுபாடே இங்கு வற்புறுத்தத்தக்கது.

வயலில் இறங்கினால் ஊர்தி சிதையலாம் என்னும் அச்சமும் சிலரைச் சாலைப்பக்கம் இழுக்கக்கூடும். அவர்கள் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். வேகம் சிறிது சிறிதாகக் குறையுமாயின் மனித உடல் அதனைத் தாங்கும். ஒரு நொடியில் அற்றுப்போகுமாயின் தாங்காது. புல்லும் பயிரும் மென்மண்ணும் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. கம்பமும் பாலச்சுவரும் எதிர்வரும் லாரியும் வேகத்தை ஒரே கணத்தில் அறுக்கின்றன. சக்கரம் ஒடியலாம், இறக்கை வளையலாம், அவற்றைப் பொருள் கொடுத்து மீண்டும் பெறலாம். போன உயிரை எப்பொருள் கொடுத்தும் மீட்டல் இயலாது.

நெடுஞ்சாலையை வானூர்திக்கு முறைப்படி பயன்படுத்தும் நாடுகளும் உள்ளன. ஆத்திரேலியாவில் 1928ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பறக்கும் மருத்துவர் பணி, நெடுந்தொலைவிலுள்ள நோயாளரை வானூர்தி வாயிலாகக் காத்து வருகின்றது. மரமும் ஊரும் அரிதாகவுள்ள நல்லார்பார் சமவெளியில், அப்பணிக்கென நெடுஞ்சாலையின் சில பகுதிகளைக் குறியிட்டு வைத்துள்ளனர். இந்திய வான்படையும் 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் யமுனை விரைவுச்சாலையில் மிராஜ் வகைப் போர்விமானத்தை இறக்கிப் பார்த்தது. 2017இல் ஆக்ரா – இலக்னோ விரைவுச்சாலையில் பெரிய சரக்கு விமானத்தையும் இறக்கிற்று. இவற்றைக் காட்டிச் சாலையில் இறங்குதல் எளிதெனக் கூறுவார் உளராயின், அவர் முதன்மையான ஒன்றை மறந்தவராவர். அங்கெல்லாம் இடம் முன்னரே ஆராய்ந்து தெரிந்தெடுக்கப்பெற்றது. வான்படை இறங்கிய நாளில் வண்டிகளை நிறுத்திச் சாலையை வெறுமையாக்கிக் காவலும் வைத்தனர். அப்பொழுது அது பொதுவழியன்று, ஓடுபாதையே. முன்னேற்பாடு இருப்பதும் இல்லாததுமே இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

முன்னேற்பாட்டின் தேவையைச் சட்டமும் வற்புறுத்துகின்றது. இடர் நேர்ந்த வேளையில் விமானி தேவையான அளவிற்கு விதிகளினின்று விலகலாம் என்று அமெரிக்க வான்போக்குவரத்து விதி உரிமை அளிக்கின்றது. அவ்வுரிமையை அளித்த அதே விதித்தொகுப்பு, எந்திரம் ஓய்ந்தாலும் தரையிலுள்ள மக்களுக்கும் பொருள்களுக்கும் தகாத இடர் விளைக்காமல் இறங்கத்தக்க உயரத்தில் பறத்தல் வேண்டும் என்றும் பணிக்கின்றது. கண்ணாற் பார்த்துப் பறப்போர், சேருமிடம் சேர்வதற்கு வேண்டிய எரிபொருளோடு, பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறப்பதற்கு வேண்டியதை மிகுதியாகக் கொண்டு செல்லல் வேண்டும் என்பதும் விதி. எனினும், 2011 முதல் 2015 வரையிலான ஆண்டுகளில், எரிபொருளைச் சரிவரக் கவனியாமையால் ஆண்டொன்றுக்குச் சராசரி 50க்கு மேற்பட்ட விபத்துகள் நேர்ந்ததாக அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறிற்று. அவற்றுள் நூற்றுக்கு 95 விபத்துகளில் விமானியின் பிழை இருந்தது. கருவியின் குறை மிகச் சிலவற்றிலேயே காணப்பட்டது. ஆகவே, எந்திரம் ஓயும் நிகழ்ச்சிகள் யாவும் ஊழால் விளைவன அல்ல. புறப்படுமுன் கலத்தைத் திறந்து எரிபொருளை அளந்து பார்க்கும் சிறு வேலையில் பல உயிர்கள் அடங்கியுள்ளன. செல்லும் வழியெல்லாம், இப்பொழுதே எந்திரம் நின்றால் எவ்விடத்தில் இறங்குவது என்று எண்ணிக்கொண்டே செல்லும் விமானிக்கு, இடர் வந்தபோது வெளிநிலம் ஒன்று முன்னரே மனத்தில் அமைந்திருக்கும்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் எஞ்சுவது அறத்தைப் பற்றிய வினா. வானிற் செல்பவர் தம் விருப்பத்தால் செல்கின்றார். அதன் இடர்களைக் கற்றறிந்து, தேர்வெழுதி, உரிமம் பெற்றுச் செல்கின்றார். சாலையிற் செல்பவரோ அவ்விடரை ஏற்றுக்கொண்டவர் அல்லர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாயும், காய்கறி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநரும் வானிலிருந்து வரும் இடரை அறியார். அறிந்து விலகவும் அவர்க்கு வாய்ப்பில்லை. ஒருவர் தம் இடரைத் தாம் தாங்குதல் வீரம். அதனை அறியாதார் தலைமேல் இறக்கிவைத்துத் தப்புதல் வீரமாகாது. தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அவ்வுரிமைக்கு எல்லை பிறர் உயிரே.

இவ்வுண்மை வானூர்திக்கு மட்டும் உரியதன்று. மிதிவண்டியில் விரையும் மாணவனுக்கும், நிறுத்தக் கருவி பழுதுற்ற பேருந்தை ஓட்டுவார்க்கும் இது பொருந்தும். பொதுவழி எல்லார்க்கும் உரியது. ஆதலாலேயே அதனை எவரும் தமக்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதல் கூடாது. சாலையில் வானூர்தியை இறக்கி ஊரார் வியக்க நிற்கும் விமானியின் படம் நாளிதழில் வெளிவரும். எரிபொருளை அளந்து, காற்றையறிந்து, உயரங் காத்துப் பறந்து, மாலையில் ஓடுபாதையில் அமைதியாக இறங்கி வீடு திரும்பும் விமானியின் படம் எந்த இதழிலும் வெளிவராது. அவர் பயணத்தில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஏதுமில்லாமையே அவர்தம் திறமைக்குச் சான்று. அவர் பறந்த வானின்கீழ் அச்சமின்றிச் சென்ற மக்கள் அத்திறமையின் பயனைப் பெற்றவராவர்.